மலைவண்டியில் ஏர் சஸ்பென்ஷன் விளக்கு எரிந்தால்: பலூன் மட்டுமா, முழு ஸ்ட்ரட்டா, காயில் ஸ்பிரிங்கா?

நீலகிரியில் பழைய சொகுசு எஸ்யூவிக்குப் பஞ்சமில்லை. எஸ்டேட் பங்களாவில் எட்டுப் பத்து வருடம் ஓடிய வண்டி, கோவைக்காரர் விற்ற வண்டி என்று செகண்ட் ஹேண்டில் நிறையக் கைமாறுகின்றன. வாங்கும்போது இன்ஜின், கியர்பாக்ஸ், டயர் எல்லாம் பார்ப்பார்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பலூன் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷனை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மார்கழிக் காலையில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அன்றைக்குத்தான் மூன்று ஷெட்டில் மூன்று பதில் கிடைக்கும்: முழு ஸ்ட்ரட் (பலூனும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மாற்றணும், பலூன் மட்டும் போதும், இந்தத் தொல்லையே வேண்டாம் காயில் ஸ்பிரிங் போட்டுவிடலாம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பின்பக்கம் போனால் பெரும்பாலும் பலூன் மட்டும் போதும். முன்பக்கம் போனால் ஷாக் அப்சார்பரின் நிலையைப் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் முழு ஸ்ட்ரட். காயிலுக்கு மாறுவது ஒரே ஒரு நிபந்தனையில்தான் சரி. அது கீழே வருகிறது. இந்த மூன்றில் எதைத் தேர்ந்தாலும், வண்டியின் கம்ப்யூட்டர் என்ன கண்டுபிடித்தது, எதை வைத்துக் கண்டுபிடித்தது என்று தெரியாமல் பணம் எடுக்கக்கூடாது.

கம்ப்யூட்டருக்கு உண்மையில் என்ன தெரியும்

நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு காற்றுப் பலூன். அவற்றுக்குக் காற்று அனுப்ப 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரசர், அதன் வாயில் ஈரம் உறிஞ்சும் டிரையர், காற்றை எந்தப் பலூனுக்கு அனுப்புவது என்று திறந்து மூடும் வால்வு பிளாக், பல மாடல்களில் ஒரு சேமிப்பு டேங்க். ஆக்சில் கையிலிருந்து சேசிஸ் வரை ஒரு சிறு கம்பியோடு உயர சென்சார். வால்வு பிளாக்கில் ஒரு பிரஷர் சென்சார். இவ்வளவுதான் கம்ப்யூட்டரின் கண்ணும் காதும். பலூன் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் எந்த வண்டியிலும் கிடையாது. எல்லாம் ஊகக் கணக்கு.

அந்தக் கணக்கு மூன்று வகை. முதலாவது மின்சாரச் சோதனை. சாவி போட்டதும் ஒவ்வொரு வால்வையும் திறக்கும் மின்சுருளில் சுற்று முழுமையாக இருக்கிறதா, ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும். உயர சென்சார் 5 வோல்ட்டில் வேலை செய்யும் வகையானால், அதன் சிக்னல் சுமாராக 0.5 வோல்ட்டுக்கும் 4.5 வோல்ட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும்; பூஜ்யத்துக்கோ 5க்கோ போய் ஒட்டிக்கொண்டால் ஒயர் அறுந்தது அல்லது ஷார்ட் ஆனது என்று உடனே தெரிந்துவிடும். இந்த வகைப் பிழையை நம்பலாம். ஸ்கேனரில் தெரியும் பிழைக் கோடு (code) எந்தச் சென்சாரைச் சொல்கிறதோ, அந்தச் சென்சாரிலோ அதன் ஒயரிலோ பிளக்கிலோதான் கோளாறு. எஸ்டேட் ரோட்டில் கல் அடித்து அந்தச் சிறு கம்பியின் பந்து மூட்டு கழன்றுவிடுவது மிகச் சாதாரணம். சின்ன சாமான், சின்ன வேலை.

இரண்டாவது பொருத்தச் சோதனை. "கம்ப்ரசரை ஓட்டினேன், முன் இடது வால்வைத் திறந்தேன், இத்தனை வினாடிக்குள் அந்த மூலை உயர்ந்திருக்க வேண்டும், உயரவில்லையே" என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். டேங்க் நிரம்ப எடுக்கும் நேரத்துக்கும் இதே கணக்குதான். பணம் வீணாவது இங்கேதான். காற்று ஏறாததற்குக் காரணம் கம்ப்ரசர் தேய்ந்ததா, பலூன் கசிகிறதா, வால்வு பிளாக்கில் ஓரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) போனதா, காற்று உறிஞ்சும் ஃபில்டர் அடைத்ததா என்று அந்தக் கோடுக்குத் தெரியாது. நேரம் தாண்டியது என்று மட்டும்தான் அது சொல்கிறது. அதைப் பார்த்ததும் கம்ப்ரசரை மாற்றச் சொல்லும் மெக்கானிக், ஸ்கேனரைப் பாதி மட்டும் படித்தவர்.

பிரித்துப் பார்க்க வழி உண்டு. ஸ்கேனர் மூலம் பலூன்களின் வால்வுகளை மூடியே வைத்துக்கொண்டு, கம்ப்ரசரை வால்வு பிளாக்குக்கும் டேங்குக்கும் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். பிரஷர் சென்சாரின் எண் தடையில்லாமல் ஏறினால் கம்ப்ரசர் நல்லது, கசிவு பலூன் பக்கம். ஏறாமல் திணறினாலோ, நிறுத்தியதும் இறங்கினாலோ, கம்ப்ரசர், டிரையர், வால்வு பிளாக் பக்கம் பாருங்கள். சில நிமிட வேலை. இதைச் செய்து காட்டாத ஷெட்டில் விலைப்பட்டியலே வாங்க வேண்டாம்.

மூன்றாவது வெப்பம். கம்ப்ரசரின் தலையில் வெப்ப சென்சார் இருக்கும். இல்லையென்றால் எவ்வளவு நேரம் ஓடியது என்பதை வைத்துக் கம்ப்யூட்டரே வெப்பத்தைக் கணக்குப் போடும். எல்லை தாண்டினால் கம்ப்ரசரை நிறுத்திவிடும், ஆறியதும் மறுபடி விடும். விளக்கு எரிந்து, அரை மணி நேரம் கழித்துத் தானாக அணைந்தால் பெரும்பாலும் இதுதான்: கம்ப்ரசர் அதிகமாக ஓடுகிறது, அதிகமாக ஓட வைப்பது ஏதோ ஒரு கசிவு.

பிழை கண்டபின் வண்டி என்ன செய்யும்

பலூனுக்குப் போகும் வால்வுகள் மின்சாரம் இல்லாத நிலையில் மூடியே இருக்கும்படி அமைந்தவை. கம்ப்யூட்டர் செத்தாலும், ஃபியூஸ் போனாலும், ஒயர் அறுந்தாலும் காற்று உள்ளேயே அடைபட்டு நிற்கும். வண்டி இருந்த உயரத்திலேயே நிற்கும். சென்சார் பேசவில்லை என்றால் கம்ப்யூட்டர் ஊகத்தில் உயரத்தை மாற்றாது, உறைந்துவிடும். வேகத் தகவல் வரவில்லை என்றால் உயர்த்திய நிலையை அனுமதிக்காது. கசிவு ஒரு மூலையில் என்றால் சில மாடல்கள் மற்ற மூன்றையும் அதே அளவுக்கு இறக்கி வண்டியைச் சமமாக வைக்கும். நிறுத்தி வைத்த வண்டி நள்ளிரவில் 'புஸ்' என்று காற்று விட்டால் பயப்பட வேண்டாம். விழித்தெழுந்து சமன் செய்துகொள்கிறது.

வளைவில் திரும்பும்போதும் பிரேக் அழுத்தும்போதும் உயரத்தைத் திருத்தும் வேலையைக் கம்ப்யூட்டர் நிறுத்தி வைக்கும். பாரம் ஒரு பக்கம் சாய்வதைக் கசிவு என்று நினைத்துக் காற்று அடித்துவிடக்கூடாதே! மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இதனால் அதற்குக் குழப்பம் இல்லை. ஓடும்போது பல வினாடிகளின் சராசரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும்.

அடிக்கடி கேட்கும் கேள்வி: காற்று போனால் பிரேக் போகுமா? காரில் போகாது. கார் பிரேக் ஹைட்ராலிக்; சஸ்பென்ஷன் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் 'ஏர் பஸ்' என்று சொல்லும் பேருந்துகளில் பிரேக்கும் பலூனும் ஒரே கம்ப்ரசரின் காற்றில்தான் ஓடும். ஆனால் நடுவே ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. பிரேக் டேங்குகள் போதிய பிரஷர் பிடித்த பிறகுதான் பலூனுக்குக் காற்று விடும், பலூன் வெடித்தால் பிரேக் காற்றைப் போகவிடாமல் மூடிக்கொள்ளும். லெவலிங் வால்வு மட்டும் வைத்த பேருந்தில் கம்ப்யூட்டர் கிடையாது, ஒரு நெம்புகோல்தான் உயரத்தை அளக்கிறது. அங்கே பிழையைக் கண்டுபிடிக்கும் கருவி ஓட்டுநரின் கண்ணும் பிரஷர் மீட்டரும்தான்.

மலை எங்கே கணக்கை மாற்றுகிறது

சமவெளி ஷெட்டில் 'எல்லாம் சரி' என்று வந்த வண்டி, ஊட்டி ஏறியதும் விளக்கு எரிவது உண்டு. மெக்கானிக் ஏமாற்றிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் காற்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே வளிமண்டல அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கம்ப்ரசர் ஒவ்வொரு சுற்றிலும் உறிஞ்சும் காற்று அந்த அளவுக்குக் குறைவு. அதே பலூனை நிரப்ப மேட்டுப்பாளையத்தைவிடக் கால் பங்குக்கு மேல் கூடுதல் நேரம் ஓட வேண்டும். நல்ல கம்ப்ரசருக்கு இது பொருட்டல்ல. பிஸ்டன் ரிங் தேய்ந்த கம்ப்ரசர், கீழே நேர எல்லைக்குள் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகும், மேலே ஃபெயில் ஆகும். அதனால் ஊட்டி, கோத்தகிரிவாசிகள் கம்ப்ரசர் சோதனையைக் கோவையில் செய்தாலும், 'எத்தனை வினாடியில் ஏறியது' என்ற எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லையை ஒட்டி நிற்கும் எண் என்றால் மலையில் அது பிழை என்றே அர்த்தம்.

அடுத்தது குளிர். மாலையில் ஏறி வந்து நிறுத்தும்போது பலூனுக்குள் காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உறைபனி விழும் காலத்தில் விடியற்காலை 5 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் கன அளவு சுமார் 8 சதவீதம் சுருங்கும். பலூனுக்குள் காற்றுத் தம்பம் 20 செ.மீ. என்றால் வண்டி ஒன்றரை செ.மீ. தாழும். கசிவே கிடையாது! சாவி போட்டதும் கம்ப்ரசர் ஓடிச் சரி செய்துகொள்ளும். ஆனால் இது நாலு மூலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் நடக்கும். ஒரு மூலை மட்டும் தாழ்ந்தால் அது குளிரின் வேலை இல்லை. குளிரில் ரப்பர் ஓரிங் இறுகிச் சுருங்குவதால் காலையில் கசிந்து, வெயில் ஏறியதும் நின்றுவிடும் கசிவும் இருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஷெட்டில் விட்டால் அது அகப்படவே அகப்படாது. முந்தின இரவே வண்டியை ஷெட்டில் விட்டு, காலையில் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதும் மோசமானதும் ஈரம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், நடுவட்டம் பக்கமும், வடகிழக்கில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மூடுபனிக்குள்தான் கம்ப்ரசர் மூச்சு வாங்குகிறது. டிரையருக்குள் உள்ள சிலிக்கா மணிகள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பலூனிலிருந்து காற்றை வெளியே விடும்போது, அந்த உலர்ந்த காற்று டிரையர் வழியே திரும்பிப் போய் மணிகளைக் காய வைக்கும். சரியாக இருக்கும் வரை இது ஓயாத சுழற்சி. பலூனில் கசிவு வந்துவிட்டால் காற்று பலூன் வழியாகவே வெளியே போகிறது. டிரையர் வழியே திரும்புவதில்லை. மணிகளுக்கு ஈரம் ஏற மட்டுமே செய்யும், காயாது. நிறைந்தபின் தண்ணீர் வால்வு பிளாக்குக்குப் போகும், வால்வு இருக்கையில் துரு பிடிக்கும், உறைபனிக் காலையில் உறைந்தும் நிற்கும். மறுபக்கம் கம்ப்ரசர் ஓயாமல் ஓடித் தேயும். கடைசியில் கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்சான ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு, சாவி எடுத்த பிறகும் கம்ப்ரசர் ஓடும். பலூனில் ஊசித்துளை விழுந்தபோதே கவனித்திருந்தால் ஒரு பலூனோடு போயிருக்கும் செலவு, ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டதும் பலூன், கம்ப்ரசர், டிரையர், வால்வு பிளாக், ரிலே என்று நீளும்.

வீட்டிலேயே ஒரு இரவுச் சோதனை

சமதளமான இடம் வேண்டும். மலையில் அதுவே பெரும்பாடு. வீட்டு வாசல் சரிவாக இருந்தால் பெட்ரோல் பங்க் அல்லது மண்டபத் தரையில் செய்யலாம். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நேர் மேலாக நாலு பக்கமும் டேப்பில் அளந்து எழுதுங்கள். சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் நடு இரவில் எழுந்து சமன் செய்துவிடும், எந்த மூலை கசிந்தது என்றே தெரியாது. காலையில், கதவு திறக்காமல், ஆள் ஏறாமல் மறுபடி அளக்கவும். நாலும் ஒன்று, ஒன்றரை செ.மீ. தாழ்ந்திருந்தால் குளிர். ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிட 2 செ.மீ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தப் பலூனோ, அதன் குழாயோ, வால்வு பிளாக்கில் அதற்கான வாயோ கசிகிறது. ஓர் ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்ந்து தாழ்ந்தால் வால்வு பிளாக்கை முதலில் சந்தேகிக்கவும்.

பிறகு சோப்புத் தண்ணீர். பலூனின் அடிப்பாகத்தில் ரப்பர் மடிந்து உருளும் இடம்தான் முதலில் போகும். அந்த மடிப்புக்குள் மணல் புகுந்து ஒவ்வொரு அசைவிலும் அரைக்கும். சக்கரம் தொங்கும்படி வண்டியை உயர்த்தினால் மடிப்பு விரிந்து வெடிப்புகள் தெரியும். உயர்த்தும் முன், தானாக உயரம் மாற்றுவதை நிறுத்தும் ஜாக்கி மோடு இருந்தால் அதைப் போடுங்கள். ஸ்டாண்ட் வைக்காமல் ஏர் சஸ்பென்ஷன் வண்டியின் அடியில் தலையை விடவே கூடாது. ஒரு வால்வு திறந்தால் வண்டி சில வினாடியில் முழுதாக உட்கார்ந்துவிடும்.

இனி மூன்று வழிகளும்

பலூன் மட்டும் மாற்றுவது பின்பக்கத்துக்கு நல்ல வழி. பல எஸ்யூவிகளில் பின்பக்கம் பலூன் தனி, ஷாக் அப்சார்பர் தனி. பலூனைக் கழற்றி வேறு வைப்பது நேரான வேலை. ஷாக் நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டியதில்லை. வெளிச்சந்தைப் பலூன் (கார் கம்பெனி அல்லாத வேறு தயாரிப்பாளருடையது) போடவும் இங்கே தயங்க வேண்டாம். ஒரிஜினல் பலூன்கள் சிலவற்றில் மெல்லிய ரப்பரும் அதைச் சுற்றி அலுமினிய உறையும் இருக்கும், மென்மையாக ஓடும். வெளிச்சந்தையில் தடித்த ரப்பர், உறையில்லாமல் வருவதுண்டு. கொஞ்சம் கடினமாக ஓடும், பயப்படும் அளவுக்கு இல்லை. வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். மடித்த நிலையில் வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த ரப்பர் மடிப்பிலேயே வெடிக்கும்.

முன்பக்கம் கதை வேறு. அங்கே பலூனும் ஷாக்கும் ஒரே ஸ்ட்ரட்டில் சேர்ந்தவை. பலூன் மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றி, பழைய இறுக்கு வளையத்தை அறுத்து, புது ரப்பர் போட்டு, புது வளையத்தை அதற்கான பிரஸ்ஸில் சுற்றிலும் சமமாக இறுக்க வேண்டும். பிளையர்ஸில் இறுக்கிய வளையம் பத்து பார் அளவு அழுத்தத்தில் ஓரிரு மாதத்தில் கசியும். உச்சியில் உள்ள ஓரிங்குகளையும் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். கீழே இருக்கும் தூசி உறையை 'இது எதுக்கு' என்று தூக்கி எறிவது பல ஷெட்டுகளில் வழக்கம். அதை விடாதீர்கள். எஸ்டேட் மண்ரோட்டில் பலூனின் ஆயுள் அந்த உறையில்தான் இருக்கிறது.

ஷாக் கசிகிறதா என்பதுதான் முன்பக்க முடிவைத் தீர்மானிக்கிறது. ஸ்ட்ரட்டின் உடலில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் பலூன் மட்டும் மாற்றுவது வீண். அந்த எண்ணெய் புது ரப்பரையும் ஊற வைக்கும். வளைவுகளில் முன்பக்கம் அலைமோதுகிறது, பிரேக் போட்டால் தொடர்ந்து தலையாட்டுகிறது என்றாலும் ஷாக் முடிந்தது. கல்லட்டிச் சாலையின் 36 வளைவுகளையோ, மஞ்சூர்ப் பக்கச் சாலைகளையோ அடிக்கடி ஓட்டும் வண்டியில் ஷாக் பலூனுக்கு முன்பே களைத்துப்போவது சகஜம். அப்போது முழு ஸ்ட்ரட். ஒரிஜினல் கட்டுப்படியாகாது என்றால் வெளிச்சந்தைப் புதுசு. அதற்கும் கீழே ரீகண்டிஷன் ஸ்ட்ரட். ரீகண்டிஷனில் விற்பவரிடம் ஒரே கேள்வி: ஷாக்கைத் திறந்து சரி செய்தீர்களா, பெயிண்ட் அடித்துப் பலூன் மட்டும் மாற்றினீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் விலகுங்கள். ஷாக்கில் மின் வால்வு உள்ள வகையானால் அந்தப் பிளக் புதுசிலும் இருக்க வேண்டும். பிளக் இல்லாத மலிவு ஸ்ட்ரட்டைப் போட்டால் விளக்கு அணையாது, அதை அணைக்க ரெசிஸ்டர் வைப்பார்கள். வண்டியிடம் பொய் சொல்லும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் மாற்ற வேண்டுமா? பலூனில் கட்டாயமில்லை, ஆனால் இரண்டும் ஒரே வயது. இடது போன வருடமே வலதும் போகலாம். லேபரையும் கீழே கொண்டுபோகும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் குன்னூர், ஊட்டிக்காரர்களுக்கு ஜோடியாக மாற்றுவதே கட்டும். கோவையிலேயே இருப்பவர் ஒன்று மாற்றிவிட்டுக் காத்திருக்கலாம்.

இனி காயில். இதன் கவர்ச்சி புரிகிறது: கம்ப்ரசர் இல்லை, குழாய் இல்லை, கசிவு இல்லை. ஆனால் விற்கப்படும் பெரும்பாலான மாற்றுக் கிட்டுகளோடு ஒரு சின்ன எலக்ட்ரானிக் டப்பா வரும். 'உயரம் சரியாக இருக்கிறது, பிரஷர் சரியாக இருக்கிறது' என்று கம்ப்யூட்டருக்கு நாள் முழுக்க ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. விளக்கு அணைந்துவிடும். கூடவே என்னென்ன அணைகிறது என்று பாருங்கள். ஹெட்லைட்டைத் தானாக மேலும் கீழும் திருப்பும் ஏற்பாடு பல வண்டிகளில் உயர சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது. பின்னால் ஆறு பேர் சாமானோடு ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கும், விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். காட்டேரிப் பக்கம் மூடுபனியில் அதே வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். வழுக்கல் தடுக்கும் ஸ்டெபிலிட்டி அமைப்பும் அந்த மாடலின் காற்று ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் ஏற்ப டியூன் செய்யப்பட்டது. கிட்டுக்காரர் தேர்ந்த ஸ்பிரிங்கின் விறைப்பு அதற்குத் தெரியாது. பாரத்துக்கேற்பச் சமன் செய்வதும், மேடு பள்ளத்தில் உயர்த்துவதும் போய்விடும். எஸ்டேட் பாதைக்காகவே இந்த வண்டியை வாங்கியவருக்கு, வாங்கிய காரணமே போய்விடும்.

காயில் சரியாகும் நிபந்தனை இதுதான்: அதே மாடல் தொழிற்சாலையிலிருந்தே காயில் ஸ்பிரிங்கோடும் வந்திருக்க வேண்டும். பழைய ஆடி க்யூ7, மெர்சிடிஸ் எம்எல் போன்றவற்றில் அப்படி வந்தவை உண்டு. அந்த மாடலின் ஸ்பிரிங், அந்த மாடலின் ஷாக், தேவைப்பட்டால் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் அதன் ஆன்டி ரோல் பாரும் போட்டு, ஸ்கேனரில் வண்டியைக் காயில் வகை என்று மறுகோடிங் செய்ய வேண்டும். அப்போது கம்ப்யூட்டருக்கு உண்மை தெரியும், ஸ்டெபிலிட்டி அதற்கான அளவில் ஓடும், ஹெட்லைட்டுக்கு வேண்டிய சென்சார்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். டப்பாவுக்கு வேலையே இல்லை. இந்த வழியில் செய்தால் நாங்களும் சம்மதம் என்போம், அதுவும் வண்டி தார்ச்சாலையில் மட்டும் ஓடுவதானால்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. காயிலுக்குப் போகும் முன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலூன், ஸ்ட்ரட் மாற்றத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

வழியில் விளக்கு எரிந்தால்

மஞ்சள் விளக்கு, வண்டி சமமாக நிற்கிறது: மெதுவாகத் தொடரலாம். பல வண்டிகள் திரையிலேயே மணிக்கு 50 கி.மீ. வேக எல்லை காட்டும், கொண்டை ஊசியில் அதற்கும் கீழேதான் போக வேண்டும். சிவப்பு, அல்லது ஒரு மூலை உட்கார்ந்துவிட்டது: அகலமான இடம் பார்த்து நிறுத்தவும், வளைவின் உள்பக்கம் கூடாது. டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் ஓர் அடிகூட ஓட்டக்கூடாது. உரசாவிட்டாலும் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் அசைவே இல்லை, பள்ளத்தில் தூக்கி அடிக்கும், பிரேக்கில் இழுக்கும். இறக்கத்தில் அப்படி வருவது ஆபத்து. சாவி எடுத்த பிறகும் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டால் ரிலேயைப் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரியும் போகும் கம்ப்ரசரும் போகும். இழுத்துப்போக வருவது தட்டையான மேடை வண்டியாக இருக்கட்டும். கட்டும் பெல்ட்டைச் சக்கரத்தில் கட்டச் சொல்லுங்கள். பாடியில் கட்டினால், போகும் வழியில் மீதிக் காற்று இறங்க இறங்க பெல்ட் தளர்ந்துவிடும். பர்லியார் இறக்கத்தில் அது நடக்கக்கூடாது.

பொருத்தும் நாளில் கேட்டு நிற்க வேண்டியவை

கோடுகளை அழிக்கும் முன் பிரிண்ட் வாங்குங்கள்; அதில் பிழை வந்தபோது இருந்த வேகம், உயரம், வெப்பம் பதிவாகியிருக்கலாம். அழித்தபின் அது திரும்பாது. பழைய பலூனைக் கழற்றும் முன் ஸ்கேனரில் காற்றை இறக்க வேண்டும், குழாய் நட்டை அப்படியே திறக்கக்கூடாது. குழாய் முனையைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்ட வேண்டும், ஹாக்ஸா பிளேடு தொட்ட முனை கசியும். புது ஸ்ட்ரட்டின் வாயில் உள்ள சிறு வால்வு கொஞ்சம் காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கும். அதை யாரும் திருகக் கூடாது.

வண்டியை இறக்கும் முன், சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஸ்கேனர் மூலம் பலூனில் காற்று ஏற்ற வேண்டும். காற்றில்லாத பலூன் மேல் வண்டியின் எடை இறங்கினால் ரப்பர் தாறுமாறாக மடிந்து, புது பலூன் அன்றைக்கே வீணாகும். கீழ் ஆர்ம் போல்ட்டுகளை வண்டி சாதாரண உயரத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

கம்ப்ரசர் மாற்றினால் ரிலேயும் டிரையரும் கூடவே. பழைய ரிலேயைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், மாற்றினார்களா என்பதற்கு அதுதான் சாட்சி. கடைசியில் உயர அளவீடு. அது சமதளத் தரையில், டயர் காற்று சரியாக இருக்கும்போது, டேப்பில் அளந்த எண்ணை ஸ்கேனரில் கொடுத்துச் செய்வது. தரை சாய்ந்த ஷெட்டில் இதைச் செய்தால் கம்ப்யூட்டர் சாய்வையே சமம் என்று நம்பிக்கொள்ளும், விளக்கும் எரியாது. அதற்குப் பிறகு வீல் அலைன்மென்ட். மறுநாள் காலை, குளிரில், நாலு மூலையையும் மறுபடி டேப்பில் அளந்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.